லிம் சூ காங் கீரையும் சனிக்கிழமைச் சந்தையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் நான் ஒரு காய்கறிக் கடையில் நிற்பேன். இரண்டு மடக்கு மேசை, ஒரு தராசு, ஒன்பது பத்துக் கூடை, அவ்வளவுதான் கடை. காய்கறி, சிங்கப்பூரின் வடமேற்கில் இருக்கும் லிம் சூ காங்கில் ஒரு சீனக் குடும்பம் நடத்தும் சிறு பண்ணையிலிருந்து வருகிறது. நிலம் ஒரு ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதல். என் அப்பா அங்கே 26 ஆண்டுகள் வேலை பார்த்தார். மூட்டுவலி வந்து வேலையை விட்ட பிறகும் தவுக்கே (முதலாளி) குடும்பத்தோடு உறவு விட்டுப்போகவில்லை. வார இறுதிச் சந்தைகளில் அவர்களுக்காகக் கடை போடுவது 11 ஆண்டுகளாக என் பொறுப்பு.

தமிழ் முகத்தைப் பார்த்ததும் நம்மவர்கள் நின்று கேட்பார்கள். கூட்ட நேரத்தில் பாதி பதிலோடு அவர்களை அனுப்பிவிடுகிறேனே என்ற குறை எனக்கு உண்டு. அந்தக் கேள்விகளுக்கு முழுப் பதில்கள் இவை.

இது உண்மையிலேயே சிங்கப்பூரில் விளைந்ததா?

ஆமாம். முதன்முதலில் வருபவர்களில் பாதிப் பேராவது இதைக் கேட்கிறார்கள். சந்தேகப்படுவதில் தவறில்லை. நாம் உண்பதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து, 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்தும் வட்டாரங்களிலிருந்தும் வருகிறது. 2023ஆம் ஆண்டுக் கணக்கில் இங்கே உண்ட காய்கறியில் ஏறக்குறைய 3 விழுக்காடுதான் இங்கே விளைந்தது. முட்டையில் அது சுமார் 32 விழுக்காடு. ஆகவே உங்கள் வீட்டு முட்டை உள்ளூர் முட்டையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கீரை உள்ளூர்க் கீரையாக இருக்க வேண்டுமென்றால் நீங்கள் தேடிப்போய்த்தான் வாங்க வேண்டும்.

எப்போது அறுத்தது?

என்னைக் கேட்டால், எங்கள் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். விலையைக்கூட அப்புறம் கேட்கலாம்.

பாயம், கங்கோங் என்ற இரண்டு கீரைகளையும் சனிக்கிழமை விடிகாலை நான்கு மணிக்கு, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு அறுக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் இலையில் தண்ணீர் நிறைந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு அறுத்தால் இலை பாத்தியிலேயே பாதி வாடியிருக்கும். பிறகு எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் பழைய விறைப்பு வராது. அறுத்ததும் மண் போக அலசி, நிழலில் பரப்பி நீர் வடியவிட்டு, கூடையில் நெருக்காமல் அடுக்குவார்கள். ஈரத்தோடு நெருக்கி அடுக்கினால் உள்ளே சூடு பிடித்து நடுக் கட்டுகள் மஞ்சளாகிவிடும். நான் சேர்ந்த முதல் மாதத்தில் இதைத் தெரியாமல் செய்து மூன்று கூடை பாயத்தைக் கெடுத்திருக்கிறேன். ஆண்ட்டி, அதாவது தவுக்கேயின் மனைவி, திட்டவில்லை. ஒரு கட்டைப் பிரித்து, நடுவில் என் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். கஞ்சிப் பானையைத் தொட்டதுபோல் இருந்தது.

ஆறரைக்கு வண்டி கிளம்பும், எட்டு மணிக்குக் கடை. நீங்கள் பத்து மணிக்கு வாங்கினால் அது ஆறு மணி நேரக் கீரை. எல்லை தாண்டி வரும் கீரை மொத்தச் சந்தைக்குப் போய், அங்கிருந்து கடைக்கு வந்து, உங்கள் கைக்கு வர ஒரு நாளாவது ஆகும். உருளைக்கிழங்குக்கு அந்த ஒரு நாள் பொருட்டே இல்லை. கீரைக்கு அதுதான் எல்லாம். இந்தச் சின்ன நிலத்தால் வேறு யாரும் தர முடியாத ஒன்றைத் தர முடியுமென்றால், அது இந்த மணிக்கணக்குதான். அதனால்தான் என் சொந்தக்காரர்களிடமும் நான் சொல்வது: வெங்காயம், தக்காளி, கேரட் எல்லாம் தேக்கா சந்தையிலேயே வாங்குங்கள். இலையை மட்டும் எங்களிடம் வாங்குங்கள்.

ஈரச்சந்தையைவிட ஏன் விலை கூடுதல்?

எங்கள் கடையில் 250 கிராம் கட்டு இரண்டரை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதே எடையை ஈரச்சந்தையில் அதற்கும் குறைவாக வாங்கலாம். மலேசியாவின் ஜொகூரிலும் கேமரன் மலையிலும் நிலமும் ஆள்கூலியும் மலிவு. இங்கே நிலக் குத்தகை, வெளிநாட்டு ஊழியர் தீர்வை, தண்ணீர், வண்டி என்று வரிசையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சந்தையில் மேசை போட வாடகை தனி. ஒருமுறை ஓர் ஏற்பாட்டாளர் முன்பணம் வாங்கிக்கொண்டு, அன்று காலையில் எங்களைக் கழிவறைப் பக்கம் ஒதுக்கிவிட்டார். அன்று விற்ற காசு வாடகைக்கே போதவில்லை.

பேரம் பேசாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதினொரு மணிக்கு மேல் வந்தால் நானே இரண்டு கட்டு நான்கு வெள்ளிக்குக் கொடுத்துவிடுவேன், பேரமே தேவைப்படாது.

பாயமும் நம் அரைக்கீரையும் ஒன்றா?

ஒரே குடும்பம். மலாய்க்காரர்கள் பாயம் என்பதும், நாம் முளைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை என்று பிரித்துச் சொல்வதும் அமரந்தஸ் என்ற ஒரே இனத்தின் வகைகள். இலையின் வடிவமும் தண்டின் பருமனும் ருசியும் வகைக்கு வகை மாறும். நாங்கள் போடுவதில் உருண்டை இலைப் பச்சைப் பாயம் மசியலுக்கு நன்றாக இருக்கும். நடுவில் சிவப்போடிய வகை பொரியலுக்கு ஏற்றது. கூட்டில் போட்டால் பருப்பெல்லாம் சிவந்துவிடும், பிள்ளைகள் சாப்பிட மறுப்பார்கள். தண்டைத் தூக்கி எறியாதீர்கள். நார் உரித்துப் புளிக்குழம்பில் போட்டுப் பாருங்கள். சீன வாடிக்கையாளர்கள் இதே கீரையை நெத்திலியும் முட்டையும் போட்டுச் சூப்பாக வைக்கிறார்கள், அதுவும் அருமையாக இருக்கும்.

கங்கோங் நமக்குப் புதிதென்று பலர் நினைக்கிறார்கள். அது நம் வள்ளைக்கீரை. குளத்தில் படரும் அந்த வள்ளையின் தண்டைத்தான் பழைய இலக்கியத்தில் பெண்களின் காதுக்கு உவமையாகச் சொன்னார்கள். ஊரில் கிட்டத்தட்ட மறந்துவிட்ட ஒரு கீரையை இங்கே மலாய்ப் பெயரில் சம்பாலோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்லி நான் விற்ற கங்கோங் கட்டுகளுக்குக் கணக்கில்லை.

முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, பாகற்காய் ஏன் வைப்பதில்லை?

நிலம் போதாது. பாயம் விதைத்த 25 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். சாய் சிம் என்ற சீனக் கீரைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். பாகற்கொடி பந்தலில் ஏறிக் காய்க்க இரண்டு மாதமாகும். அதற்குள் அந்த இடத்தில் இரண்டு அறுப்புக் கீரை எடுத்துவிடலாம். பண்ணை வேலியோரம் அப்பா வைத்த கறிவேப்பிலை மரம் ஒன்றும் முருங்கை ஒன்றும் நிற்கின்றன. அவற்றிலிருந்து ஒடித்ததை மேசைக்கு அடியில் வைத்திருப்பேன். கேட்பவர்களுக்குக் கறிவேப்பிலை சும்மா, முருங்கை ஒரு வெள்ளி.

மருந்து அடிக்கிறீர்களா? இயற்கை விவசாயமா?

தேவைப்படும்போது அடிக்கிறோம். 'ஆர்கானிக்' என்று பலகை வைக்கும் உரிமை எங்களுக்கு இல்லை, வைக்கவும் மாட்டோம்.

இந்த ஊர் வெயிலிலும் ஈரத்திலும் பூச்சிக்கு ஓய்வே கிடையாது. சாய் சிம் இலையில் ஊசி குத்தியதுபோல் துளைகள் இருந்தால் தத்துவண்டு வேலை. கைலான் என்ற சீனக் கீரையைக் கூடு கூடாக அரித்திருந்தால் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. அதனால் முக்கால் நிலம் வலைக்கூடத்துக்குள் இருக்கிறது. வலை இருந்தாலும் புகுந்துவிடும். மஞ்சள் ஒட்டும் அட்டைகளில் எத்தனை பூச்சி விழுந்தது என்று எண்ணிப் பார்த்துத்தான் தவுக்கே முடிவெடுப்பார். பதிவான மருந்தை மட்டுமே வாங்கலாம், சான்றிதழ் பெற்றவர் மட்டுமே அடிக்கலாம் என்பது இங்குள்ள சட்டம். அடித்த பிறகு எத்தனை நாள் அறுக்கக்கூடாது என்பது புட்டியிலேயே இருக்கும். சிங்கப்பூர் உணவு அமைப்பின் அதிகாரிகள் வந்து கீரையை எடுத்துப்போய்ச் சோதிப்பார்கள்.

துளை விழுந்த இலைகளை நான் ஒதுக்குவதில்லை. வாங்க மனமில்லாதவர்கள் துளையில்லாததைப் பொறுக்கிக்கொள்ளலாம். வீட்டில் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு இரண்டு மூன்று முறை அலசினால் போதும்.

டிசம்பரில் ஏன் கடையே காணோம்?

வடகிழக்குப் பருவமழை. சாங்கியில் 30 ஆண்டுச் சராசரி மழை ஆண்டுக்கு 2,113 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டிவிடும். முளைத்து ஒரு வாரமான கீரைமேல் இரண்டு மணி நேரம் அடைமழை பெய்தால் நாற்று சேற்றில் படுத்துவிடும். தப்பிப் பிழைத்ததற்கும் வெயில் இல்லாமல் அடித்தண்டு அழுகும். ஒரு டிசம்பரில் பதினெட்டுப் பாத்தியில் பதினான்கு போயிற்று. அன்று தவுக்கே எதுவும் பேசவில்லை. குடை பிடித்துக்கொண்டு வடிகாலை வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். மழை நின்றதும் சுண்ணாம்பு தூவி, மட்கிய கோழி எருவைக் கலந்து, மறுபடி விதைத்தார்கள். நம் மண் இயல்பாகவே புளித்த மண். கனமழைக்குப் பிறகு சுண்ணாம்பு போடாமல் விதைத்தால் கீரை வெளிறிப்போகும்.

பொங்கலுக்கு நம்மவர்கள் நிறையக் கேட்டு வருகிறீர்கள். நமக்குக் கீரை மிகக் குறைவாக இருக்கும் சமயமும் அதுதான். மன்னித்துக்கொள்ளுங்கள். இது ஒவ்வோர் ஆண்டும் எனக்கு வருத்தம்.

பண்ணை எத்தனை நாளைக்கு இருக்கும்?

அன்பினால் கேட்கிறீர்கள் என்று தெரியும். இதற்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கடினம்.

இங்கே விவசாயி நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. அரசாங்க நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். 2014இல் லிம் சூ காங்கில் 62 பண்ணைகளுக்கு, குத்தகை முடிந்ததும் நிலத்தைத் திருப்பித்தர வேண்டும் என்று சொல்லப்பட்டது. அந்த இடம் இராணுவப் பயிற்சிக்குத் தேவைப்பட்டது. கெடு பிறகு தள்ளிப்போனது, ஆனாலும் பலர் அத்தோடு தொழிலை விட்டார்கள். வயது அறுபதைத் தாண்டியவர், பிள்ளைகள் அலுவலக வேலையில், புதிய நிலத்தில் கூடமும் குழாயும் முதலிலிருந்து போட வேண்டும் என்றால் என்ன செய்வார்? 2017இல் புதிய வேளாண் நிலங்களுக்கு 20 ஆண்டுக் குத்தகை என்று அறிவித்தார்கள். முதலில் பேசப்பட்ட பத்து ஆண்டைவிட அது எவ்வளவோ மேல்.

குத்தகை முடியப் பத்து ஆண்டு இருந்தால் விவசாயி வலைக்கூடம் கட்டுவார். மூன்று ஆண்டு இருந்தால் கிழிந்த வலையைத் தைத்துப் போடுவார். ஓராண்டுதான் என்றால் மண்ணுக்கு எரு போடவே கை வராது. அப்பா சொல்வார், தவுக்கேயின் பாத்தியைப் பார்த்தே குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம் என்று சொல்லிவிடலாம் என்று. மண்ணைப் பண்படுத்தப் பல ஆண்டு பிடிக்கும். அதை ஒரு தேதியில் விட்டுவிட்டு வர வேண்டும் என்பதை நினைக்கும்போது, நிலம் போதாத ஊரின் தேவைகள் எனக்குப் புரிந்தாலும், நெஞ்சு கனக்கிறது.

மாடி மாடியாக விளைக்கும் பண்ணைகள் வந்தபின் சிறு பண்ணை எதற்கு?

இரண்டும் வேண்டும் என்பதே என் எண்ணம். 2019இல் அரசாங்கம், 2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்போம் என்று இலக்கு வைத்தது. விளக்கொளியில் கீரை வளர்க்கும் கூடங்கள் நிறைய வந்தன. மின்கட்டணம் ஏறியபோது சில மூடவும் செய்தன. 2025 நவம்பரில் அந்த இலக்குக்குப் பதிலாக வேறு அறிவித்தார்கள்: 2035க்குள் காய்கறி, காளான் போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, முட்டை, மீன் போன்ற புரத உணவில் 30 விழுக்காடு. எங்களுக்கு வெயில் இலவசம், பூச்சியும் மழையும் பகை. அவர்களுக்குப் பூச்சி இல்லை, வெயிலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். யாருக்கும் சுலபமில்லை.

2020 மார்ச்சில், கொரோனா பரவியபோது, மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்த வாரம் எங்கள் கடைக்கு வந்த கூட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒன்பது மணிக்கே எல்லாம் தீர்ந்துவிட்டது. உண்மையில் எல்லை தாண்டி உணவு வருவது நிற்கவில்லை, இரண்டு வாரத்தில் கூட்டமும் கலைந்தது. ஆனால் அந்த வாரம் முதன்முதலாக வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் இன்றுவரை வருகிறார்கள். அப்படி நிலையாக வாங்கும் நாற்பது குடும்பம் இருந்தால் போதும், எத்தனை பாத்தி விதைப்பது என்று தவுக்கே துணிந்து முடிவு செய்யலாம்.

என் தோட்டத்தில் விளைந்ததை நானும் கொண்டுவந்து விற்கலாமா?

விற்பனைக்காகப் பயிரிட உரிமம் வேண்டும், அதைத் தருவது சிங்கப்பூர் உணவு அமைப்பு. உரிமம் இல்லாமல் பொது இடத்தில் கடை விரிப்பது குற்றம். சந்தையில் இடம் கேட்கும் முன், ஏற்பாட்டாளரிடம் அனுமதி எல்லாம் எடுத்திருக்கிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விவசாயிகளே ஒன்றுகூடி நடத்தும் சந்தையும் இங்கே உண்டு. 2005இல் அமைந்த கிராஞ்சி கிராமப்புறச் சங்கம் 2014இல் அப்படி ஒன்றைத் தொடங்கியது.

ஒரு கூடை வெண்டைக்காய்தான் விளைந்தது என்றால் அண்டை வீட்டுக்குக் கொடுங்கள். அடுத்த வாரம் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பாயசம் வரும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கீரை வளருமா?

நாளுக்கு நான்கு மணி நேரம் நேர்வெயில் விழும் இடமிருந்தால் வளரும். நீளத்தொட்டியில் ஒரு சாண் ஆழம் மண் போதும். பாயம் விதை பொடியானது. மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. கங்கோங் இன்னும் சுலபம்: சந்தையில் வாங்கிய கட்டின் அடித்தண்டை, கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். வேர் விட்டதும் வெட்ட வெட்டத் துளிர்க்கும். தொட்டி நடைபாதையில் இருந்தால் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், ஏடிஸ் கொசு அதில்தான் முட்டையிடும்.

வீட்டில் வெயிலே இல்லையென்றால் உங்கள் புளோக் பக்கத்தில் சமூகத் தோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டம் அது. 2016 முதல் தனிப் பாத்தியும் வாடகைக்குக் கிடைக்கிறது, இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். என் அம்மா வயதுக்காரர்கள் பலர் அதில் மணத்தக்காளியும் பொன்னாங்கண்ணியும் போட்டிருக்கிறார்கள். கடையில் கிடைக்காத கீரைக்கு அதுதான் வழி.

தமிழர்கள் யாராவது இங்கே விவசாயம் செய்தார்களா?

செய்தார்கள், அதிகமும் மாடுகளோடு. சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு காலத்தில் மாட்டுத்தொழுவங்கள் இருந்தன. தேக்காவைப் பெரியவர்கள் கண்டாங் கெர்பாவ் என்பார்கள், எருமைப்பட்டி என்று பொருள். பஃபலோ ரோடு என்ற பெயரும் அப்படி வந்ததுதான். இன்று அதே தெருவில் வெண்டையும் முருங்கைக்காயும் விற்கிறார்கள். ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவர்கள் வேறு. அப்பா தன்னை விவசாயி என்று சொல்லிக்கொண்டதில்லை. நான் சொல்லிக்கொள்கிறேன், அவர் விவசாயி.

பண்ணையைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்து வரலாமா?

முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். 975ஆம் எண் பேருந்து லிம் சூ காங் சாலை முனை வரை போகும். இறங்கி நடக்க வேண்டும், வழியில் நிழல் குறைவு. தொப்பி, தண்ணீர், பழைய காலணி. பாத்திமேல் மட்டும் மிதிக்க வேண்டாம். நாய்கள் குரைக்கும், கடிக்காது.

வாங்கிய கீரையை எப்படி வைப்பது? எத்தனை மணிக்கு வந்தால் நல்லது?

அன்றே சமைப்பது உத்தமம். முடியாவிட்டால் அலசாமல், வேரோடு, செய்தித்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். பாயம் இரண்டு நாள், கைலான் நான்கு நாள் தாங்கும். கொத்துமல்லியைத் தண்ணீர்க் குவளையில் நிறுத்தி வைக்கலாம்.

எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் வாருங்கள். பட்டியல் எழுதிக்கொண்டு வர வேண்டாம், அன்று என்ன அறுத்தோமோ அதுதான் இருக்கும். துணிப்பை ஒன்று கொண்டுவாருங்கள். கறிவேப்பிலை வேண்டுமென்றால் வந்ததும் சொல்லிவிடுங்கள், மேசைக்கு அடியில் இருப்பது முதல் ஏழெட்டுப் பேருக்குத்தான் வரும்.